அசனா ஒட்டிய ரொக்கெட்

கட்டாரிலிருந்து நிப்றாஸ் அனுப்புகிற கார்கோ பெட்டிகளில் இரண்டு வகைச் சாமான்கள் வரும். சவர்க்காரம், பால்மா, பேரீச்சம்பழம், மகளுக்குச் சட்டைத்துணி என்று வீட்டுக்கு வருகிறவை ஒரு வகை. அவன் விடுமுறையில் வந்து சேரும்வரை யாரும் தொடக்கூடாதவை மற்ற வகை. அவற்றுக்கென்றே முன்னறையில் ஓர் இரும்பு அலுமாரி இருந்தது. துளைபோடுகிற மெஷின், கமெரா, கண்ணாடிக் கோப்பைகள், பெரிய டோர்ச் எல்லாம் உறை பிரிக்காமல் அதற்குள் கிடந்தன. அதைப் பூட்டுகிற திறப்பு அவன் பெண்சாதி அசனாவிடம் இருந்தது. கடல் காற்றுக்குத் துருப் பிடிக்காமல் அடிக்கடி இறக்கித் துடைத்து, இருந்த மாதிரியே திருப்பி அடுக்குவது அவள் வேலை. துடைக்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு எரிச்சல் வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அசனா கிண்ணியாவில் பிறந்து கிண்ணியாவிலேயே வாழ்கிறவள். ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவள். அப்போது பாலம் இல்லை. உயர்தரம் படிக்கத் திருகோணமலைக்குத் தினமும் துறை கடந்து போய்வர வேண்டும். பொம்பிளைப் பிள்ளையை அப்படி அனுப்ப ஏலாது என்று வாப்பா சொல்லிவிட்டார். அடுத்த வருஷமே மாமி மகன் நிப்றாஸுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வீடும் வளவும் சீதனமாக அவள் பெயருக்கு வந்தன. வளவின் மறுபாதியில் தங்கை றிஸ்னாவுக்கு வீடு. கல்யாணம் முடிந்து பதினெட்டு வருஷமாகிறது. ஆனால் புருசனும் பெண்சாதியும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால் மூன்று வருஷம்கூடத் தேறாது.

நிப்றாஸ் வீட்டைப் போனில் நடத்தினான். குழாய் ஒழுகினால் கமெராவைத் திருப்பிக் காட்டச் சொல்வான். மேசன் வந்தால் மேசனோடு அவனே கதைப்பான். ஸஹ்ராவை எந்த டியூசனுக்கு விடுவது, மதிலுக்கு என்ன நிறம் அடிப்பது எல்லாம் அங்கிருந்தே வரும். அசனா எதையாவது சொல்லத் தொடங்கினால், "நீ போனை மகள்ட குடு" என்பான். ஒரே மகள் ஸஹ்ரா. உயர்தரம் படிக்கிறாள். வாப்பா கிட்டத்தில் இல்லாததாலோ என்னவோ, வாப்பாவில் அவளுக்கு உயிர்.

அந்த ரொக்கெட் பெட்டி இப்படித்தான் வந்தது. நிப்றாஸ் எலெக்ட்ரீசியனாக வேலை பார்க்கிற கம்பனியில் சில வெள்ளைக்கார இஞ்சினியர்கள், குளிர் மாதங்களில் அனுமதி எடுத்துப் பாலைவனத்துக்குப் போய் மொடல் ரொக்கெட் விடுவார்கள். அவர்களுக்கு வயர் இழுத்துக் கொடுக்கப் போனவன், ஆசை பிடித்து அவர்களோடு சேர்ந்துகொண்டான். அவர்கள் விட்டவை மட்டைக் குழாயில் செய்தவை அல்ல, பைபர் குழாயில் செய்தவை. மீன்பிடிக்கிற பைபர் போட் எந்தச் சாமானோ அதே சாமான், இதில் குழாயாகச் சுற்றியது. அவனும் ஒரு கிட் வாங்கினான். தங்குகிற அறையில் ஆறு பேர். பசை மணத்துக்கு ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஊருக்கு அனுப்பி, லீவில் வந்து ஒட்டி முடித்து, திரும்பிப் போகும்போது கொண்டுபோவதாகத் திட்டம்.

இரண்டு லீவு வந்து போயிற்று. இரண்டு தடவையும் பெட்டியை நடுவீட்டில் வைத்து வந்தவர்களுக்குத் திறந்து காட்டினான். எவ்வளவு உயரம் போகும் என்று கையை உயர்த்திச் சொன்னான். பிறகு மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மழை காலத்தில் ஒருநாள் வீடியோ கோல் எடுத்து, பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா பார்க்கச் சொன்னான். அசனா பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள். கறுப்புக் குழாய்கள், பருத்த பென்சில் முனை மாதிரி ஒரு வெள்ளை மூக்கு, மீன் செட்டை மாதிரி மூன்று தகடுகள், சில வளையங்கள், மடித்த பரசூட். அவள் ஒரு குழாயைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"ஏய், தொடாத! வை கீழ!"

"ஈரம் இரிக்கா எண்டு பாக்கத்தானே சொன்னீங்க."

"கண்ணால பாரு எண்டு சொன்னன். கையால தொடச் சொன்னனா? அது என்ன சாமான் எண்டு ஒனக்கு விளங்குமா?"

"உள்ளுக்குப் பேப்பர் இரிக்கு. படிச்சா விளங்கும்தானே."

நிப்றாஸ் அங்கே பக்கத்தில் இருந்த யாருக்கோ எதையோ சொல்லிச் சிரித்தான். பிறகு, "பல்ப் மாத்தத் தெரியாதவள் ரொக்கெட் செய்யப் போறாளாம்" என்றான்.

கதவடியில் நின்ற ஸஹ்ராவும் சிரித்துவிட்டாள்.

அவன் சிரித்தது அசனாவுக்குப் புதிதல்ல. மகள் சிரித்ததுதான் சுட்டது. இந்த வீட்டில் பல்ப் மாற்றுவது யார்? பியூஸ் போனால் போடுவது யார்? பதினெட்டு வருஷமாக ஏணி வைத்து ஏறியது யார்? அவள் பெட்டியை மூடினாள். ஆனால் அலுமாரிக்குள் வைக்கவில்லை. அடுத்த நாள் ஸஹ்ரா பள்ளிக்கூடம் போனதும் அந்தக் கடதாசியை எடுத்து விரித்து உட்கார்ந்தாள்.

ஆங்கிலம் அவளுக்கு அரைகுறைதான். தெரியாத சொல்லை போனில் தட்டிப் பார்த்தாள். படங்கள் இருந்தன. யூடியூபில் அதே மாதிரி ரொக்கெட்டை ஒட்டுகிற ஒரு கிழவனின் வீடியோ கிடைத்தது. அவன் பேசியது பாதி விளங்கவில்லை. கை செய்வது விளங்கிற்று. குழாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், ஒட்டுகிற இடத்தைச் சாண்ட்பேப்பரால் சுரண்டி மினுக்கத்தைப் போக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. பசை இரண்டு டின்களில் இருந்தது. கலந்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். ஆசையாலோ அறிவாலோ அவள் இந்த வேலையில் இறங்கவில்லை. அவன் தொடாதே என்ற சாமானைத் தொட்டு, முழுதாகச் செய்து, நடுவீட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது.

முதல் வேலையே பிழைத்தது. பின்வளவில் வாங்கைப் போட்டு உட்கார்ந்து காலை முழுக்கத் தேய்த்தாள். தூள் மா மாதிரிப் பறந்தது. மூக்கையும் வாயையும் மூட வேண்டும் என்று கடதாசியில் எழுதியிருந்ததை அவள் பார்க்கவே இல்லை. கையும் கழுத்தும் ஊசி குத்துவது போல அரிக்கத் தொடங்கியபோது காற்று வாடைக்குத் திரும்பி, தூளை வேலிப் பக்கமாக அள்ளிக்கொண்டு போனது. வேலிக்கு அந்தப் பக்கம் றிஸ்னாவின் கொடி நிறைய உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது.

பின்னேரம் றிஸ்னா கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்கு வந்தாள். பிள்ளை அழுது அழுது சிவந்துபோயிருந்தது. முதுகு முழுக்கத் தடிப்பு.

"ராத்தா, என்னத்தப் போட்டு அரைக்கிறீங்க? இந்தப் புள்ளையப் பாருங்க!"

அசனாவுக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. குற்றம் தன்னுடையது என்றும் தெரிந்தது. அந்த நேரம் மன்னித்துக்கொள் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவளுக்கே உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. உள்ளுக்குள்ளும் எரிந்தது.

"கொடிய மத்தப் பக்கம் கட்டினா என்ன?" என்றாள்.

"என்ட வளவில நான் எங்க கொடி கட்டுற எண்டு நீங்க சொல்லுவீங்களா?"

"என்ட வளவில நான் என்ன செய்ற எண்டு நீ கேப்பியா?"

"மச்சானுக்குத் தெரியுமா இது?" றிஸ்னா குரலை உயர்த்தினாள். "அவர்ட சாமான ஒடைச்சிப் போடுறீங்க எண்டு தெரியுமா? புருசன் வெளிநாட்டில எண்டா பொம்பிள நெனச்ச மாதிரி ஆடுறதா?"

 அசனா உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் கதைப்பதில்லை. பெருநாளுக்கு ஒரு வீட்டுச் சாப்பாடு மற்ற வீட்டுக்குப் போவதும் நின்றது.

அடுத்த நாளிலிருந்து அசனா மாஸ்க் போட்டுக்கொண்டு, பேசினில் தண்ணீர் ஊற்றி, தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்தாள். தூள் பறக்கவில்லை. இதை றிஸ்னாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உள்குழாயில் வளையங்களை ஒட்டி, அதைப் பெரிய குழாய்க்குள் இறக்கினாள். பரசூட்டைக் கட்டுகிற கயிற்றையும் உள்ளே ஒட்டினாள். பிறகு செட்டைகள். குழாயில் வெட்டியிருந்த பிளவுகளுக்குள் ஒவ்வொன்றாகச் செருகி, பசை இறுகும்வரை நேராகப் பிடித்திருக்க வேண்டும். முதலாவதும் இரண்டாவதும் நன்றாக நின்றன. மூன்றாவதைச் செருகிப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஸஹ்ரா போனை நீட்டியபடி வந்தாள்.

"வாப்பா."

மகளின் முகத்தைப் பார்த்ததும் யார் சொல்லிக் கொடுத்தது என்று அசனாவுக்கு விளங்கிவிட்டது.

"என்னடி செய்றாய் நீ?" நிப்றாஸ் எடுத்த எடுப்பிலேயே கத்தினான். "யார்ட்டக் கேட்டுத் தொட்டாய்? அது என்ன வெல எண்டு தெரியுமா ஒனக்கு?"

"இப்ப கதைக்க ஏலாது. கையில வேல."

"கைய எடு! இப்பவே எடு! பெட்டிக்குள்ள போட்டு மூடு!"

"பச போட்டாச்சு. இனிப் பெட்டிக்குள்ள போகாது."

"போட்டாச்சா? நாசமாப் போவாய்! நான் அங்க வந்தனெண்டா..."

"வாங்க. வந்து என்ன செய்வீங்க? வீட்ட உட்டுத் தொரத்துவீங்களா? இது என்ட வீடு. வாப்பா எனக்கு எழுதித் தந்த வீடு."

இதைச் சொல்லும்போது அவள் எழும்பிவிட்டாள். ஒரு கையால் போனைப் பறித்தாள். மற்றக் கையும் தன்னை அறியாமல் செட்டையை விட்டுவிட்டது. இரண்டு பேரும் மாறி மாறி ஏசி, அவள் போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது செட்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. கத்தியால் நெம்பினாள். கத்திதான் வளைந்தது. ஸஹ்ரா அங்கேயே நின்றாள்.

"சரிஞ்சிட்டு" என்றாள் மெதுவாக.

"ஓம். போய்ச் சொல்லு. ஒன்ட வாப்பாக்கு இதையும் சொல்லு."

மகள் அழுதுகொண்டு போனாள். அசனா மிச்சப் பசை முழுவதையும் கலந்து, மூன்று செட்டைகளின் அடியிலும் வெறிபிடித்தவள் போலப் பூசினாள். இனி ஒன்றும் அசையக்கூடாது, யார் நினைத்தாலும் கழற்றக்கூடாது என்ற கோபம்தான்.

வெயிலில் காய மதிலோரம் சாத்தி வைத்த ரொக்கெட்டை ரோட்டால் போன எவரோ பார்த்திருக்க வேண்டும். நான்கைந்து நாளில், அசனா வீட்டில் குண்டு செய்கிறாளாம் என்று ஊருக்குள் கதை நடந்தது. கடைக்குப் போனால் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, உள்ளே வராமல் கேற்றடியில் நின்றே, "இந்தக் காலத்தில இப்படி ஒரு வேல நமக்கு வேணுமா புள்ள? ஊருக்கே பேர் கெட்டுப் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு கிராம சேவகரோடு பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். தமிழ் தெரிந்தவர். மரியாதையாகத்தான் கதைத்தார். ரொக்கெட்டைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக் குழாய்க்குள்ளால் முற்றத்தைப் பார்த்தார்.

"இதுக்கு வெடிமருந்து எங்க?"

"மருந்து இல்ல. இது வெறும் பைபர். மருந்து கட்டார்லதான் போடுற."

"இங்க போட்டீங்க எண்டா பெரிய பிரச்சினை. அங்கால ஹாபர், நேவி எல்லாம் இருக்கு. ஆகாயத்தில ஒண்டு போனா என்ன எண்டு கேட்டுட்டுச் சுட மாட்டாங்கள். விளங்குதா?"

"விளங்குது."

அவர் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பொலிஸ் வந்த வீடு என்று பெயர் விழுந்துவிட்டது. அசனாவிடம் தையல் தைக்கக் கொடுத்திருந்த இரண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இந்த ரொக்கெட் ஊரில் ஒருநாளும் பறக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்காக விடவில்லை.

கடைசியாக மிஞ்சியது மூக்கு. அது குழாய்க்குள் இறங்கவே மறுத்தது. மேலே போனதும் உள்ளே ஒரு வெடிப்பு மூக்கைத் தள்ளிவிட வேண்டும், தள்ளினால்தான் பரசூட் வெளியே வரும், அதனால் இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, தானாக விழவும் கூடாது என்று வீடியோக் கிழவன் காட்டினான். அவள் தேய்த்தாள், போட்டுப் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள். பின்னேரங்கள் பல அதிலேயே போயின. கடைசியில் குழாயைத் தலைகீழாகப் பிடித்தால் மூக்கு நின்றது. ஒரு உலுக்கு உலுக்கினால் கழன்று விழுந்தது. அன்றைக்குத்தான் அந்த வேலையில் அவளுக்கு முதன்முதலாகச் சந்தோஷம் வந்தது. பக்கத்தில் காட்ட ஒருவரும் இல்லை. ஸஹ்ரா அடுத்த அறையில் இருந்தாள். கூப்பிட மனம் வரவில்லை.

நிப்றாஸ் லீவில் வந்தான். பெட்டிகளை இறக்கியதும் நேரே முன்னறைக்குப் போனான். அங்கே ரொக்கெட் அசனாவின் தோளுயரத்துக்கு நின்றது. அவன் சுற்றிவந்து பார்த்தான். தட்டிப் பார்த்தான். மூக்கைக் கழற்றி மாட்டினான். கொஞ்ச நேரம் அவன் முகத்தில் கோபமே இருக்கவில்லை. பிறகு செட்டையைக் கண்டான்.

"இது என்ன?"

"நீங்க கோல் எடுத்த நேரம் சரிஞ்சது."

"என்னில போடுறியா? ஒரு தகட்ட நேரா ஒட்டத் தெரியல்ல, கத வேற!"

அந்த லீவு முழுவதும் இப்படியே போயிற்று. சோற்றில் உப்புக் கூடினாலும் செட்டைக் கதைதான், சட்டை அயன் போடாவிட்டாலும் செட்டைக் கதைதான். ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் அவன் குரல் மாறும். ரொக்கெட்டின் தோளில் கை போட்டபடி, "நம்மட வேல" என்பான். அசனா தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துவிட்டுக் குசினிக்குள் போவாள்.

அவன் திரும்பிப் போவதற்குக் கொஞ்ச நாள் இருக்கையில், ஸஹ்ரா குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் போன். அம்மியடியில் நின்ற அசனா திரும்பிப் பார்க்கவில்லை.

"உம்மா, வாப்பா பேஸ்புக்கில போட்டிரிக்கார்."

"என்ன?"

"ரொக்கெட்ட. அவங்கட குரூப்பில. 'நான் செய்த முதல் பைபர் ரொக்கெட்' எண்டு இங்கிலீசில எழுதியிரிக்கார்."

அசனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படத்தில் நிப்றாஸ் ரொக்கெட்டோடு நின்று சிரித்தான். அதன் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். முதலில் வாழ்த்து. பிறகு ஒருவன் செட்டையை வட்டமிட்டுக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டா ஒட்டினாய் என்று கேட்டிருந்தான். இன்னும் இரண்டு பேர் சிரித்திருந்தார்கள்.

"வாப்பா அதுக்கு என்ன எழுதினார்?"

ஸஹ்ரா வாசிக்கத் தயங்கினாள். பிறகு தமிழில் சொன்னாள். "'அந்தச் செட்டைய மட்டும் என்ட வைஃப் ஒட்டினா' எண்டு."

மகள் வாப்பாவை ஏசவில்லை, உம்மாவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. போனை உம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது போதுமாக இருந்தது.

அசனா முன்னறைக்குப் போனாள். நிப்றாஸ் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"நேரா நிக்கிற ரெண்டு செட்டையும் உங்கட, சரிஞ்சது மட்டும் என்டயா?"

அவன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "பகிடிக்கு எழுதின. இதுக்கும் சண்டையா?"

"எனக்குப் பகிடி விளங்கல்ல. அழிச்சிட்டு, அசனாதான் முழுசும் ஒட்டினா எண்டு எழுதுங்க."

"பைத்தியமா ஒனக்கு? அவங்களுக்கு முன்னால என்ட மானம் போகணுமா?"

"என்ட மானம் இந்த ஊர்ல போச்சு. பொலிஸ் வந்தது எனக்கு. தங்கச்சி கதைக்காதது என்னோட. நீங்க கையத் தூக்கிப் போஸ் குடுத்தீங்க."

"ஒன்ன யார் செய்யச் சொன்னது?" என்றான் அவன்.

 யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான்.

அவன் ரொக்கெட்டை மேல் குழாய், கீழ்க் குழாய் என்று இரண்டாகக் கழற்றி, தன் சாரங்களில் சுற்றி, பயணப் பைக்குள் வைத்தான். மூக்கைத் தனியாக ஒரு சட்டையில் சுற்றினான். போகிற நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போய்விட்டு அப்படியே சொந்தக்காரரிடம் பயணம் சொல்லிவரப் போயிருந்தான். அசனா பையைத் திறந்து சட்டையைப் பிரித்தாள். மூக்கை எடுத்துக்கொண்டு, ஒரு வெறும் ஷம்பூப் போத்தலை அதே சட்டையில் அதே மாதிரிச் சுற்றி வைத்தாள்.   அவன் திரும்பி வந்ததும் சோறு போட்டு, கேற்றடி வரை போய் அனுப்பி வைத்தாள்.

இரண்டாம் நாள் கோல் வந்தது.

"மூக்கு எங்க?"

"என்னட்ட."

"என்ன வெளையாட்டு இது? வாற கிழமை எல்லாரும் போறம். அனுமதியும் எடுத்தாச்சு!"

"ஹஸ்மி லீவு முடிஞ்சு நாளக்கிப் போறான்தானே. குடுத்து அனுப்புறன். முதல்ல எழுதுங்க." ஹஸ்மி அதே கம்பனியில் வேலை செய்கிற கிண்ணியாப் பொடியன்.

"எழுத மாட்டன். என்ன செய்வாய்?"

"ஒண்டும் செய்ய மாட்டன். மூக்கும் வராது."

அவன் ஏசினான். அவள் ஏசவில்லை. கேட்டு முடித்துப் போனை வைத்தாள். ஹஸ்மி வந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனான். நிப்றாஸ் அங்கேயே ஒருவனிடம் அதே அளவில் வேறொரு மூக்கை வாங்கிவிட்டான் என்று பிறகு தெரிய வந்தது.  அசனாவின் கையில் இருந்த ஒரே பிடி அந்த வெள்ளை மூக்கு. அவனுக்கு அது கடையில் கிடைக்கிற சாமான்.

வீடியோவை ஹஸ்மி தன் பெண்சாதிக்கு அனுப்ப, அவளிடமிருந்து ஊர் முழுக்கப் போய், கடைசியில் றிஸ்னா வீட்டிலிருந்து ஸஹ்ராவின் போனுக்கு வந்தது. தாயும் மகளும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். மஞ்சள் மணல். ஒரு கம்பியில் கறுப்பு ரொக்கெட், தலையில் சிவப்பு மூக்கு. யாரோ ஆங்கிலத்தில் எண்ணினார்கள். சீறிக்கொண்டு கிளம்பியது. சரிந்த செட்டையால் மெல்லச் சுழன்றுகொண்டே, ஆனால் நேராக, கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. "அல்லாஹ்!" என்றாள் ஸஹ்ரா. அசனா வாயைப் பொத்திக்கொண்டாள். தான் ஒட்டிய சாமான் அது. வானத்தில் நின்றது.

பிறகு அது திரும்பியது. பரசூட் வரவில்லை. ஆட்கள் கையை நீட்டிக் கத்தினார்கள். ஈட்டி மாதிரி இறங்கி, தூரத்தில் மணலைக் கிளப்பியது. வீடியோவில் நிப்றாஸ் தலையில் கை வைத்தபடி நின்றான்.

அன்று பின்னேரம் அவன் ஒரு படம் அனுப்பினான். உடைந்த குழாயைக் கையில் வைத்திருந்தான். கீழே எழுதியிருந்தான்: "ஒன்ட வேலையப் பாரு."

அசனா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேல் குழாய் நீளத்துக்கும் வெடித்திருந்தது. சிவப்பு மூக்கு நசுங்கி, இன்னும் குழாய்க்குள்ளேயே சிக்கியிருந்தது. கீழே மூன்று செட்டைகளும் இருந்த இடத்தில் இருந்தன. சரிந்ததும்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஸஹ்ராவிடம் சொல்லித் தட்டச் சொன்னாள்: "மூக்கு கழரல்ல. போட முந்தித் தேச்சுப் பாத்தீங்களா?"

பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. அதற்குப் பிறகு நீண்ட நாள் அவன் மகளோடு மட்டும் கதைத்தான். அசனாவும் கேட்கவில்லை. றிஸ்னா வேலியடியில் ஒருநாள், அசனாவைப் பார்க்காமல், பிள்ளைக்குச் சொல்வது போல, "பெரியம்மாட ரொக்கெட் நல்லாத்தான் போச்சு, இல்லியா?" என்றாள். அசனா கேட்டும் கேட்காதது போல உள்ளே வந்துவிட்டாள். அவ்வளவு லேசில் அவளால் இறங்கிப்போக ஏலவில்லை.

நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன், ஸஹ்ரா போனைக் கொண்டுவந்தாள். "வாப்பா ஒண்டு கேக்கச் சொன்னார். இந்தளவு வேகத்தில விழுந்தும் செட்டை எப்பிடிக் கழரல்ல எண்டு வெள்ளக்காரன் கேக்கிறானாம். என்ன செஞ்சீங்க எண்டு."

"அவருக்குத் தெரியணும் எண்டா அவர் கேக்கட்டும்."

ஒரு கிழமை கழித்து அவனே கேட்டான். சலாம் சொல்லவில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"செட்டைக்கு எவ்வளவு பச பூசினாய்?"

"அளவு பாக்கல்ல. நீங்க ஏசின கோவத்தில டின்ல இருந்தது முழுக்கப் பூசினன்."

 

"பாரம் கூடியிருக்கும்" என்றான் அவன்.

"ஓம். கூடியிருக்கும்."

"வெள்ளக்காரன்ட என்ன சொல்ற?"

"நடந்ததச் சொல்லுங்க."

அவன் சொன்னானா இல்லையா என்று அசனாவுக்குத் தெரியாது. பேஸ்புக்கில் அந்தப் படம் எழுதினபடியே இன்றைக்கும் இருக்கிறது. அவள் ஸஹ்ராவிடம் அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். இரும்பு அலுமாரியின் திறப்பை அவன் அடுத்த லீவில் வந்தபோது அவன் கையிலேயே கொடுத்து, "உங்கட சாமான நீங்களே தொடைச்சிக்கங்க" என்றாள். அதற்கும் ஒரு சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் ஸஹ்ரா யார் பக்கமும் பேசவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்து, உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள்.